சந்திரவல்லி வெட்டிய இத்தாலிப் படம்

போடியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதை இதுதான். ராசிங்காபுரத்துச் சந்திரவல்லி மகளைப் பார்க்க இத்தாலி போனாள். அங்கே ஒரு பெரிய மியூசியத்தில் நானூறு வருசத்துப் படம் ஒன்றைக் கவாத்துக் கத்தியால் நெட்டுக்குக் கிழித்தாள். தடுக்க வந்த போலீஸ்காரன் விரல் ஒன்று துண்டாகித் தரையில் விழுந்தது. பிறகு மகளைச் சுவரோடு சாத்தி, "கல்யாண மணையில என்னைய உட்கார வைக்கலேன்னா உனக்கும் இதே கதிதான்" என்று மிரட்டினாள். சொன்னபடி உட்கார்ந்தும் விட்டாள்.

டீக்கடையில் ஒரு விரலாக இருந்தது ஏலக்காய் ஏல மையத்து வாசலுக்கு வரும்போது இரண்டு விரலாகிவிட்டது. தேவாரம் பஸ்சில் மணிக்கட்டோடு போய்விட்டது. நான் மலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறவன். அந்த இரண்டாவது விரல் என் உபயம், மறுக்கவில்லை.

நடந்தது வேறு. அவளோடு தோட்டத்தில் வேலை செய்த சுருளியம்மாள் உயிரோடு இருந்தவரை அதை வெளியே சொல்ல வழியில்லை. போன மாசியில் அவள் காமாலையில் செத்துப்போனாள். இனி எந்தப் போலீசும் வந்து அவளைக் கொண்டுபோக முடியாது. சந்திரவல்லியிடமும் எல்லாவற்றையும் கேட்டு, எழுதச் சம்மதம் வாங்கினேன். "எழுதுறதுன்னா நடந்ததை எழுது திருப்பதி, உன் சரக்கைக் கலக்காத" என்றாள். கலக்கவில்லை.

சந்திரவல்லிக்கு இப்போது ஐம்பத்திநாலு வயசு. ஆள் குட்டை, தோள் அகலம். புருசன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். ஒரே மகள் முத்துப்பிரியா. சந்திரவல்லி விடிந்ததும் ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா ஏலத்தோட்டத்தில் இறங்கி, பொழுது சாயும் முன்னால் திரும்பி வருவாள். அவளுக்கு ஜோடி சுருளியம்மாள்.

கவாத்து வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. ஏலச்செடி தூர் தூராக ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும். ஒருத்தி தூரை இரண்டு கையாலும் அணைத்து வளைத்துப் பிடிக்க வேண்டும். மற்றவள் உள்ளே குனிந்து பழைய தண்டையும் சருகையும் அறுக்க வேண்டும். பிடிக்கிறவள் கை நழுவினால் அத்தனை தண்டும் அறுக்கிறவள் முகத்தில் அறையும். அப்படிக் கண் போனவர்கள் ராசிங்காபுரத்தில் மட்டும் இரண்டு பேர். இந்த ஜோடி ஒன்பது வருசம் ஒன்றாக வேலை செய்தது. இவர்களில் பிடிப்பது யார், அறுப்பது யார் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. கவனித்திருக்க வேண்டும்.

இருபத்துமூன்று வருசத்துக்கு முந்தைய ஆடி. நாலு மணிக்கு ஆட்களை ஏற்ற ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தேன். காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து சந்திரவல்லி வெளியே வந்தாள். மழையில் நனைந்து வருகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தலையிலிருந்து முழங்கால் வரை ரத்தம். இமையில்கூடச் சொட்டியது. கையில் கவாத்துக் கத்தி.

"உள்ள உக்கிரபாண்டி கெடக்கான். போலீசுக்குச் சொல்லு" என்றாள்.

உக்கிரபாண்டி அந்தத் தோட்டத்துச் சூப்பர்வைசர். உள்ளே எட்டிப் பார்த்தேன். சாக்கு மூட்டைகளுக்கு நடுவே கவிழ்ந்து கிடந்தான். கழுத்தின் வலது பக்கம் மூன்று வெட்டு. தரையில் கொட்டிக் கிடந்த பச்சைக் காயெல்லாம் சிவப்பாகியிருந்தது. மூலையில் சுருளியம்மாள் நாலு மாசக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இரண்டே இரண்டு துளி.

கேரளாப் போலீஸ் வந்தது. கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "ரத்தத்தில் நனைந்து நின்றது யார்?" என்றார் வக்கீல். "சந்திரவல்லி சார்" என்றேன். பொய் சொல்லவில்லையே!

உக்கிரபாண்டி பெண்களிடம் எப்படி நடந்தான் என்று தோட்டத்துப் பெண்கள் வரிசையாக வந்து சொன்னார்கள். ஆனாலும் சர்க்கார் வக்கீல் ஒரே இடத்தில் நின்றார். "தற்காப்புக்கு ஒரு வெட்டுப் போதாதா? மூன்று எதற்கு?"

சந்திரவல்லி சொன்னாள், "மொத வெட்டுக்கு அவன் விடலையே சாமி."

ஏழு வருசம் போட்டார்கள். ஐந்து வயசு முத்துப்பிரியாவைச் சுருளியம்மாள் எடுத்துக்கொண்டாள். தன் பிள்ளையோடு சேர்த்து வளர்த்தாள், குளிப்பாட்டினாள், தலைவாரினாள், சோறு ஊட்டினாள். முத்துப்பிரியா அவளைச் சித்தி என்றாள். பள்ளிக்கூடத்தில் "கழுத்தறுத்தா மக" என்று கூப்பிட்ட ஒருத்தியின் மண்டையைச் சிலேட்டால் உடைத்துவிட்டு வந்தபோது, சித்திதான் ஹெட்மாஸ்டர் காலில் விழுந்தாள்.

சந்திரவல்லி வெளியே வந்த அன்றைக்கு மகளுக்குப் பன்னிரண்டு வயசு. ஆத்தா பிசைந்து நீட்டிய உருண்டையைப் பார்த்தாள். தட்டைப் பிடுங்கி வாசலில் வீசினாள்.

"அந்தக் கையால எனக்குக் குடுக்காத. குமட்டுது."

அதன் பிறகு சந்திரவல்லி மகளுக்கு ஊட்டியதில்லை. தொட்டதும் குறைவு. மகள் படித்தாள். படித்துப் படித்து இத்தாலியில் ஏதோ ஆராய்ச்சி வேலை வரைக்கும் போனாள். அங்கேயே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தேவாரத்துப் பையனைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி நிச்சயம் ஆனது. மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கொலைக் கேசில் உள்ளே இருந்த கை தன் மகனுக்குத் தாரை வார்க்கக் கூடாது. பெண்ணைப் பெற்றவள் இடத்தில் சுருளியம்மாளும் அவள் புருசனும் உட்காரட்டும்.

முத்துப்பிரியா சரி என்றுவிட்டாள். இதை போனில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போன சித்திரையில் டிக்கெட் எடுத்து ஆத்தாவை பிளாரன்ஸ் ஊருக்கு வரவழைத்தாள். வந்த மறுநாள் அடுப்படியில் வைத்துச் சொன்னாள்.

"ம்மா, மணையில சித்தி உட்காரட்டும்."

"சரி ஆத்தா."

"நீ கோவிச்சுக்கலையே?"

"மண்டபத்துக்காவது வரலாமா?"

"வேணாம்மா."

"ஓரமாத்தான். பந்தியில எலை எடுக்குறவளோட எலை எடுக்குறவளா நின்னுக்கிறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"ம்மா, வேணாம்னா விடேன்!"

சந்திரவல்லி வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் அன்று ராத்திரி மகளுக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஆத்தாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. அந்த ஊரில் உலகமே வந்து பார்க்கும் மியூசியம் ஒன்று இருக்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக இழுபடாமல், தங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தமிழில் சொல்லிக் காட்ட ஒரு கைடை ஏற்பாடு பண்ணினாள். கல்யாணத்தைப் பிடுங்கிக்கொண்டு கையில் மிட்டாய் கொடுக்கிற மாதிரிதான்.

கைடு பெயர் ஜெகதீஷ். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சின்ன வயசிலேயே இத்தாலி போய், அங்கேயே நாற்பது வயசானவர். வாசலில் நின்று கும்பிட்டார்.

"வாங்கோ அம்மா. ரெண்டு மணித்தியாலம். அவசரம் இல்லை, வடிவாப் பாக்கலாம்."

"வடிவாவா? பாத்துட்டாப் போகுது" என்றாள் சந்திரவல்லி.

படியேறி முடிந்த இடத்தில் கல்லில் ஒரு காட்டுப்பன்றி உட்கார்ந்திருந்தது. சந்திரவல்லி இரண்டடி பின்னால் போனாள்.

"ஏத்தா, இது நம்ம மலைப் பன்னியில்ல? முன்கால ஊணிருச்சு பாரு. எந்திரிச்ச உடனே குத்தும். தோட்டத்துல முனீஸ்வரி தொடையைக் கிழிச்சது இப்படித்தான், எலும்பு வெள்ளையாத் தெரிஞ்சுச்சு."

"ஈராயிரம் வருசப் பழைய சிலை அம்மா" என்றார் ஜெகதீஷ்.

"அப்ப இருந்தே குத்திக்கிட்டுத்தான் இருக்கு."

ஒரு பெரிய அறையில், சிப்பிமேல் துணியில்லாமல் ஒரு பெண் நின்றாள். பக்கத்தில் இன்னொருத்தி போர்வையை விரித்துக்கொண்டு வருகிறாள். ஜெகதீஷ் பத்து நிமிசம் அழகைப் பற்றிச் சொன்னார். சந்திரவல்லி கேட்டுவிட்டு, "போர்வையை வெரசாக் கொண்டாந்து போத்தச் சொல்லு சாமி, குளுருல நிக்குது" என்றாள். முத்துப்பிரியா சிரித்தாள். இத்தாலி வந்த பிறகு ஆத்தாவும் மகளும் ஒன்றாகச் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பிறகு கொலைப் படங்கள் வந்தன. ஓர் அப்பன் மகன் தலையைப் பாறையோடு அமுக்கிக் கத்தியை ஓங்க, ஒரு தேவதை வந்து கையைப் பிடித்தது. அடுத்து ஒரு கேடயம். அதில் வெட்டிய பெண் தலை, முடிக்குப் பதில் பாம்பு, அடிக்கழுத்தில் ரத்தம் கயிறு கயிறாக. வாய் பிளந்திருந்தது.

"வெட்டுப்பட்ட நொடியில கத்துறா" என்றார் ஜெகதீஷ்.

சந்திரவல்லி தலையாட்டினாள். "கத்த வராது சாமி. மூச்சு கழுத்து வழியாப் போயிரும். வாயிக்கு வராது. புசுபுசுன்னுதான் கேக்கும்."

ஜெகதீஷ் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

அப்புறம்தான் அந்தப் படம். முத்துப்பிரியாவுக்கு அது அங்கே இருப்பது தெரியாது. தெரிந்திருந்தால் வேறு வழியாகக் கூட்டிப் போயிருப்பாள். மெத்தையில் ஓர் ஆண் மல்லாக்கக் கிடக்கிறான். மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக் கழுத்தில் வாளை இழுக்கிறாள். இன்னொருத்தி மேலே சாய்ந்து முழு எடையோடு அவனை அமுக்குகிறாள். அவன் கைமுட்டி அவள் நெஞ்சைத் தள்ளுகிறது. வெள்ளை விரிப்பில் ரத்தம் ஓடுகிறது.

சந்திரவல்லி நின்றுவிட்டாள்.

"இவன் ஒரு படைத் தளபதி" என்றார் ஜெகதீஷ். "இவையின்ர ஊரை அழிக்க வந்தவன். வாள் வச்சிருக்கிறவதான் கதாநாயகி. வரைஞ்சதும் ஒரு பொம்பிளைதான் அம்மா. அவவை ஒருத்தன் கெடுத்துப்போட்டான். வழக்கு நடந்தது. அவ சொல்லுறது மெய்யோ எண்டு பாக்க, விரலைக் கயிற்றால நெரிச்சு நெரிச்சு விசாரிச்சவங்கள்."

"யாரு வெரல? அவன் வெரலையா?"

"இல்லை அம்மா, அவவின்ர விரலை."

"ம்" என்றாள். படத்துக்குக் கிட்டே போனாள். "மேல கெடந்து அமுக்குறாளே, அவ யாரு?"

"அவ வேலைக்காரி. உதவிக்கு நிக்கிறா, அவ்வளவுதான்."

"உதவிக்கா?" குரல் ஏறியது. "அவ கைய எடுத்தா அடுத்த நொடி இவ செத்தா! அறுக்கிறதை யாரும் அறுப்பா. பிடிக்கிறதுதான்யா சோலி. அவன் கைமுட்டி எங்க ஊணியிருக்கு பாரு, நெஞ்செலும்புல. எப்படி வலிக்கும் தெரியுமா? மாசக்கணக்கா வலிக்கும். இதுல ரத்தத்தை வேற தப்பாப் போட்டிருக்கா. வெட்டுறவ பக்கமா தெறிக்குது. நம்ம பக்கமால்ல வரும்?"

முத்துப்பிரியா நிமிர்ந்தாள்.

"நம்ம பக்கம்னா எந்தப் பக்கம்மா?"

சந்திரவல்லி அடுத்த படத்தைப் பார்க்க நகர்ந்தாள்.

"ம்மா. எந்தப் பக்கம்?"

"...பிடிக்கிற பக்கம்."

படத்து முன்னாலேயே எல்லாம் வெளியே வந்தது. அன்றைக்கு சுருளியம்மாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கத்தான் ஸ்டோருக்குள் போனாள். உக்கிரபாண்டி பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினான். பிள்ளையைப் பிடுங்கிச் சாக்கின்மேல் எறிந்தான். சுருளி கழுத்தை ஒரு கையால் நெரித்தான். சத்தம் கேட்டு ஓடிய சந்திரவல்லி கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். அவன் முடியைப் பின்னாலிருந்து பற்றி, முழங்காலை முதுகில் கொடுத்து, தூரை வளைக்கிற மாதிரி வளைத்தாள். அவன் முழங்கையால் அவள் நெஞ்சில் இடித்தான். எலும்பு ஒன்று நொறுங்கியது அவளுக்கே கேட்டது. விடவில்லை. "அறுடீ" என்று கத்தினாள். சுருளி இடுப்பிலிருந்த கத்தியை உருவி அறுத்தாள். அவன் கை இன்னும் அவள் கழுத்தைவிட்டு வரவில்லை. மறுபடி அறுத்தாள். மூன்றாவது வெட்டில்தான் விரல்கள் திறந்தன. ரத்தம் முழுக்கப் பின்னால் பீய்ச்சியது, பிடித்திருந்தவள்மேல்.

பிள்ளை வீறிட்டது. வெளியே என் ஹாரன் சத்தம். சந்திரவல்லி, சுருளி கையிலிருந்த கத்தியை வாங்கினாள். அந்தக் கையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"நீ பிள்ளைக்குப் பாலைக் குடு. நான் போறேன்."

"எம்மவளையும் பாத்துக்கன்னு சொன்னேன். பாத்துக்கிட்டாள்ல?" என்று மகளிடம் முடித்தாள்.

முத்துப்பிரியா அறைந்தாள். ஆத்தாவை, கன்னத்தில், நானூறு வருசப் படத்துக்கு முன்னால். இரண்டாவது அறையில் தோடு தெறித்துத் தரையில் ஓடியது.

"சொல்லியிருக்கலாம்லடி! பதினாறு வருசம் உங்கையைப் பாத்தாலே குமட்டுச்சு எனக்கு! எந்தக் கையில தின்னேன் நான்? எந்தக் கையிலடி தின்னேன்?"

"அந்தக் கைதான் உன்னைய வளத்துச்சு. குத்தஞ் சொல்லாத" என்றாள் சந்திரவல்லி. அடியைத் தடுக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அறை விழும் முன்னால்தான் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அது ஏலத்தூர் பிடித்த பிடி. முத்துப்பிரியா இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. அப்படியே ஆத்தா தோளில் முட்டி முட்டி அழுதாள்.

காவலர்கள் ஓடிவந்தார்கள். ஜெகதீஷ் இத்தாலிப் பாசையில் கும்பிட்டும் கெஞ்சியும் இரண்டு பேரையும் வெளியே கூட்டி வந்தார். யாரோ ஒரு டூரிஸ்ட் பன்னிரண்டு விநாடி வீடியோ எடுத்துப் போட்டுவிட்டான். அது சுற்றிச் சுற்றி போடி வாட்சப்புக்கு வந்தது. பின்னால் ரத்தப் படம், முன்னால் மகள் கையை முறுக்கும் சேலைக்காரி, ஓடிவரும் காவலர்கள். எங்களுக்கு அவ்வளவு போதாதா?

மியூசியத்து வாசல் படியில் உட்கார்ந்தே முத்துப்பிரியா சுருளியம்மாளுக்கு வீடியோ கால் போட்டாள்.

"சித்தி, உக்கிரபாண்டியை அறுத்தது யாரு?"

ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த சுருளியம்மாள் முகம் அசையவில்லை. "உங்காத்தா சொல்லிட்டாளா?"

"நீ சொல்லு."

"நான்தான். உனக்கு ஊட்டி முடிக்கிற ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு நெனப்பேன். அப்புறம் கையைக் கழுவிட்டு எந்திரிச்சிருவேன். நான் மணைக்கு வரமாட்டேன் ஆத்தா. எனக்கு அந்த எடம் வேணாம்."

போனை இந்தப் பக்கம் வாங்கி, "வாயை மூடு சுருளி, தெருவுல வச்சுப் பேசாத" என்றாள் சந்திரவல்லி.

ஆவணியில் போடியில் கல்யாணம். முத்துப்பிரியா சித்தியைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒரே பேச்சுத்தான். "மணையில என் ஆத்தா உட்காருவா. காரணம் கேட்டா கல்யாணம் இல்ல." மாப்பிள்ளை தலையாட்டினான், அவன் அம்மா ஆட்டவில்லை. முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி, "எந்திரி, கொலைகாரி" என்று சந்திரவல்லி கையைப் பிடித்து இழுத்தார். முத்துப்பிரியா தாரை வார்க்க வைத்திருந்த செம்பை எடுத்து அவர் நெற்றியில் ஒரே போடு போட்டாள். நாலு தையல். புது வேட்டியெல்லாம் ரத்தம். செம்பில் மறுபடி தண்ணீர் பிடித்து வந்து தாரை வார்த்தார்கள். சுருளியம்மாள் தூண் ஓரமாக நின்று, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் சந்திரவல்லி என் ஜீப்பில் முன்சீட்டில் வந்தாள். ஊரில் ஓடும் கதையை விரல் கணக்கோடு ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, "யக்கா, படத்தைக் கிழிச்சது மட்டுமாவது நெசமா?" என்று வம்புக்குக் கேட்டேன்.

"வெட்டத் தெரிஞ்சவளா இருந்தா, கூண்டுல ஏறி ஒளறுன அன்னைக்கே உன் நாக்கை வெட்டியிருப்பேன்டா. படத்தையும் வெட்டல, போலீசையும் வெட்டல, உக்கிரபாண்டியையும் வெட்டல. நான் பிடிச்சவ. ரோட்டைப் பாத்து ஓட்டு."